ஒன்றரை சென்டிமீட்டர்

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறவளோ என்றுதான் முதலில் நினைத்தேன்.
ரயென் போட்ட முடிச்சு இடுப்பிலிருந்து தொடங்கியது,
நீல மைப் பேனாவால்.
இடுப்பெலும்பின் முன்மேட்டில் ஒரு புள்ளி,
முழங்கால் சில்லின் நடுவில் ஒரு புள்ளி,
அதற்குக் கீழே எலும்பு புடைக்கும் இடத்தில் இன்னொன்று.
இரண்டு கோடுகள் முட்டிக்கொண்ட மூலையில்
கோணமானியை வைத்துப் பார்த்து
"பத்தொன்பது" என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஏழுதான் உச்ச மதிப்பெண்.
பத்தொன்பது நல்லதா, கெட்டதா?
எழுதிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை.

பிறகு நாடா. வலத்தொடை நாற்பத்தொன்பது.
இடத்தொடை நாற்பத்தேழரை.
இன்னொரு முறை சுற்றினாள். அதேதான்.

பதினேழு வருடம் வால்பரைசோவின் குன்றுகளில்
தபால் சுமந்தவள் நான்.
இழுபெட்டி ஓடாத நாட்கள்தான் அதிகம்.
மின்கட்டண ரசீது, நீதிமன்ற அழைப்பு,
யாரும் திறக்காத வங்கிக் கடிதம்,
எல்லாம் என் தொடைகள்மேல் ஏறித்தான் போயின.
அப்படியிருந்தும் ஒன்றரை சென்டிமீட்டர்
எந்தப் படியில் விழுந்தது?
யார் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்?

ஏறும்போது வலிப்பதில்லை, அதிகமாக.
இறங்கும்போதுதான்
சில்லுக்கு அடியில் யாரோ மணல் அரைக்கிறார்கள்.
அதனால் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவேன்.
மரிபோசாஸ் குன்றின் நாய்களுக்கு
என் நடை தெரியும், குரைப்பதில்லை.

குளிர்ந்த ஜெல் தடவி
கருவியைத் தொடையின் உட்பக்கம் அழுத்தினாள்.
திரையில் என் தசை,
காலை ஆறு மணித் துறைமுகம் மாதிரி
சாம்பலுக்குள் சாய்ந்த சாம்பல் கோடுகள்.
"இது மெலிந்ததால் வலித்ததா,
வலித்ததால் மெலிந்ததா?"
"அதைத்தான் தேடுகிறோம், செனோரா."
அந்த 'தேடுகிறோம்' எனக்குப் பிடித்திருந்தது.
விலாசம் இல்லாத கடிதத்தை நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

திரைக்கு அந்தப் பக்கப் படுக்கையில் நெல்டா.
வலியில்லாதவர்கள் பட்டியல்.
மீன்சந்தையில் விடியலிலிருந்து நிற்கிறவள்.
திரைத்துணி விலகியபோது பார்த்தேன்,
அவள் முட்டிகள் ரகசியம் பேசுவதுபோல
ஒன்றையொன்று சாய்ந்து தொட்டுக்கொண்டிருந்தன.
"இருபத்திரண்டு" என்றது ரயெனின் குரல்.
"வலி?"
"எதற்கு வலிக்க வேண்டும்?" என்றாள் நெல்டா.
செப்டம்பர் விழாவில் விடிய விடிய ஆடினாளாம்.

கோபம் வந்தது எனக்கு. யார்மேல் என்று தெரியவில்லை.
என் வலியை அந்தக் கோட்டின்மேல் சாய்த்து வைக்கலாம் என்று
அப்போதுதான் இடம் பார்த்து வைத்திருந்தேன்.

வெளியே வந்தால் ஊரே கோணல்.
குன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தகர வீடுகள்,
ஒரு பக்கம் சாய்ந்த மின்கம்பம்,
அதில் நேராகத் தொங்குவது
யாரோ காயப்போட்ட ஒரு கால்சட்டை மட்டும்.

பன்னிரண்டு வாரம் என்று தாள் கொடுத்தாள்:
கீழ்ப்படியில் ஏறி இறங்கு, மெதுவாக,
முட்டி உள்ளே சரியாமல்.
நான் படியில் செய்யாத வேலையா?
ஆனால் மெதுவாக இறங்க
எனக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

புள்ளிகள் மூன்று நாள் போகவில்லை.
சோப்பு தேய்த்தேன், எலுமிச்சை தேய்த்தேன்.
கணவன் ஓர்லாந்தோ இரவில் விரல் வைத்துக் கேட்டான்,
"இங்கேயா?"
"அது வெறும் அளவு" என்றேன்.
வலிக்கும் இடத்துக்கு அவன் விரலை
நானே நகர்த்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் வாரம்: நாற்பத்தெட்டு.
கோணம் அதே பத்தொன்பது.
வலி பத்துக்கு ஏழாக இருந்தது, இப்போது நான்கு,
மழை நாளில் ஐந்து.
ரயென் மூன்றையும் எழுதிக்கொண்டாள்.
மழையை எழுத அவள் தாளில் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதினாள்.

இன்று பதிவுத்தபால் ஒன்று,
இருநூற்றுப் பதினான்காம் படிக்கு மேலே, பச்சைக் கதவு.
கையெழுத்து வாங்கியாயிற்று.
இனி இறங்க வேண்டும்.
நாய்கள் பார்க்கின்றன.
நேராகத் திரும்பி நிற்கிறேன்.